விக்கிப்பீடியாவில் சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது?

எங்கள் ஊர் ஏரியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சின்னக் கட்டுரை இருந்தது. அதன் தகவல் பெட்டியில் கொள்ளளவு விடுபட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு, நானே சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு வரிதான். பக்கத்தைச் சேமித்ததும் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் நேர்க்கோடும் சமக்குறியும் நெளிவு அடைப்புமாகப் பத்திருபது வரி கொட்டிக் கிடந்தது. யாரோ மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதைக் கெடுத்துவிட்டோமே என்று பதறிப்போனேன். விக்கியில் எழுதுகிற ஒருவரையும் எனக்கு அப்போது தெரியாது. திரையைப் படமெடுத்து நண்பருக்கு வாட்சப்பில் அனுப்பினேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் பெட்டி பழையபடி இருந்தது. நான் சேர்த்த கொள்ளளவும் அதில் இருந்தது. வரலாற்றைக் காட்டும் தாவலைத் திறந்து, எனக்குப் பின்னால் வந்தவர் என்ன செய்தார் என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் கவனிக்காமல் அழித்திருந்த இரண்டு மூடும் நெளிவு அடைப்புகளைத் திரும்பப் போட்டிருந்தார், அவ்வளவுதான். செய்த மாற்றத்தை ஒரு வரியில் சொல்லும் தொகுப்புச் சுருக்கத்தில் "வார்ப்புரு திருத்தம்" என்று இரண்டே சொல். (விக்கியில் தொகுப்பு என்றால் நாம் செய்யும் ஒரு மாற்றம். வார்ப்புரு என்றால் தகவல் பெட்டி, அறிவிப்பு போன்றவற்றுக்கான ஆயத்த அச்சு.)

அதற்கப்புறம் பல வருஷமாக எழுதுகிறேன். எழுத வருகிற புதியவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது, "மாட்டிக்கிட்டா யாரைக் கேக்கறது?" என்ற கேள்வியைத்தான். கேட்க இடம் நிறைய இருக்கிறது. ஆனால் இடம் மாறிக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் வழிதவறிப் போகும். மனம் வெறுத்து விட்டுவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேராவது சரியான கதவைத் தட்டியிருந்தால் இன்னும் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்த ஒப்பீடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விக்கிப்பீடியாவில் புகார் வாங்க உட்கார்ந்திருக்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கி, 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. அவ்வளவையும் தூக்கிச் சுமக்கிறவர்கள் மாதத்துக்குச் சில நூறு பேர்தான். தினமும் வந்து பார்க்கிறவர்கள் அதிலும் குறைவு. எல்லோரும் தன்னார்வலர்கள். சென்னையில் வேலை முடிந்து வந்து ஒருவர் பார்ப்பார், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒருவர், ரொறன்ரோவில் விடியற்காலையில் ஒருவர். நீங்கள் கேட்கும் கேள்வி அவர்களில் யாரோ ஒருவரின் அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். அவர்களும் மனமுவந்துதான் கொடுக்கிறார்கள். அந்த அரைமணி வீணாகாமல் இருப்பது நாம் கேட்கும் இடத்தையும் விதத்தையும் பொறுத்தது.

கேட்காமலே கிடைக்கும் உதவி

பெட்டி உடைந்தது, படம் வரவில்லை, மேற்கோள் சிவப்பில் கத்துகிறது, அட்டவணை கோணிக்கொண்டது போன்ற சிக்கல்களுக்குப் பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வரலாற்றுப் பக்கத்தில் உங்கள் தொகுப்புக்குப் பக்கத்திலேயே மீளமைக்கும் இணைப்பு இருக்கிறது. அதை அழுத்திச் சேமித்தால் பக்கம் முந்தைய நிலைக்குப் போய்விடும். விக்கியில் எதுவும் தொலைவதில்லை. இது தெரிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த வழி, அதே மாதிரி இன்னொரு கட்டுரையைத் திறந்து அதன் மூலத்தை, அதாவது தொகுக்கும்போது தெரியும் குறிகளோடு கூடிய வடிவத்தை, பார்ப்பது. ஏரிக்கு ஏரி, கோயிலுக்குக் கோயில், ஊருக்கு ஊர். உதவிப் பக்கங்களைப் படிப்பதைவிட இது வேகமானது என்பது என் கருத்து. உதவிப் பக்கங்கள் நல்லவைதான், ஆனால் சில பழையவை, பொத்தான்களின் பெயர் மாறியிருக்கும், சில பாதியில் நிற்கும். ஆனால் நகலெடுக்கும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பெட்டியோடு சேர்ந்து பழைய ஏரியின் அகலாங்கு நெட்டாங்கும் வந்துவிடும். அதை மாற்றாமல் சேமித்தால் உங்கள் ஊர் ஏரி வேறொரு மாவட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி இடம் மாறிப்போன ஏரிகள் சிலவற்றை நான் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். படிக்கிறவர் கண்ணுக்குக் கட்டுரை ஒழுங்காகத் தெரியும், வரைபடத்தை அழுத்தினால்தான் விஷயம் வெளிவரும்.

பழகிப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது. உங்கள் பயனர் கணக்குக்கென்றே ஒன்று உண்டு. அங்கே என்ன உடைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

இவையெல்லாம் கைவேலைக்குத்தான். "இந்த ஆளுக்குத் தனிக் கட்டுரை எழுதலாமா?", "இந்தச் சான்று போதுமா?", "என் கட்டுரையை ஏன் நீக்கப் போகிறார்கள்?" என்பன வேறு வகைக் கேள்விகள். இவற்றுக்கு மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும். எந்த மனிதர் என்பதில்தான் குழப்பமே.

கட்டுரையின் பேச்சுப் பக்கமா, பயனரின் பேச்சுப் பக்கமா?

ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்ற வாதம் நடக்க வேண்டிய இடம் அது. தமிழில் இதற்கு வேலை அதிகம், ஏனென்றால் நம்முடையது இரண்டு நாட்டுப் பாடப்புத்தகங்களில் வளர்ந்த மொழி. தமிழ்நாட்டில் படித்தவர் 'இயற்பியல்' என்று எழுதுவார், இலங்கையில் படித்தவருக்குப் 'பௌதிகவியல்' பழக்கம். ஒருவருக்கு 'வேதியியல்', இன்னொருவருக்கு 'இரசாயனவியல்'. கிரந்த எழுத்தை எங்கே விடுவது, எங்கே வைத்துக்கொள்வது என்பதிலும் நெடுநாளாகப் பேச்சு உண்டு. இப்படியொரு சொல்லை நீங்கள் மாற்றி, இன்னொருவர் பழையபடி ஆக்கினால், மறுபடி மாற்றாதீர்கள். பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். மாற்றி மாற்றி மீளமைத்துக்கொண்டே போவதைத் தொகுப்புப் போர் என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், சொல்வது சரியாகவே இருந்தாலும் தடை விழலாம்.

பேச்சுப் பக்கத்தில் எழுதியது அந்தக் கட்டுரையோடேயே இருக்கும். ஐந்து வருஷம் கழித்து அதே ஐயத்தோடு வருகிறவர் அதைப் படித்துவிட்டுப் போவார். இது அதன் பெரிய பலம். ஆனால் ஆளரவமில்லாத கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வர மாதங்கள் ஆகலாம். ஆகவே கேள்வியை அங்கே எழுதிவிட்டு, அந்தக் கட்டுரையில் அண்மையில் கைவைத்தவரின் பெயரை இணைத்துக் கூப்பிடுங்கள். அவருக்கு அறிவிப்பு போகும்.

அவசரமாக ஒருவரிடமிருந்தே விளக்கம் வேண்டும் என்றால் அவருடைய பயனர் பேச்சுப் பக்கம்தான் சரி. கட்டுரையை நீக்க வேண்டும் என்று அறிவிக்கும் நீக்கல் வார்ப்புரு விழுந்துவிட்டது, எழுதிய பத்தியை எடுத்துவிட்டார்கள் என்ற நிலையில் நான் முதலில் சொல்வது இதைத்தான்: செய்தவரையே கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்த வழியில்தான் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

என் இரண்டாவது கட்டுரை பக்கத்து ஊர்க் கோயிலைப் பற்றியது. கோயிலில் விற்ற தல வரலாற்றுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரிக்கு வரி தட்டச்சு செய்தேன். கீழே புத்தகத்தின் பெயரையும் பொறுப்பாகக் கொடுத்தேன். மறுநாளே நீக்கச் சொல்லி வார்ப்புரு விழுந்தது. 'சான்றுதான் கொடுத்திருக்கிறேனே, இன்னும் என்ன?' என்று ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் கழித்து, வார்ப்புரு இட்டவரின் பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"வணக்கம் ஐயா. நான் எழுதிய கோயில் கட்டுரையில் நீக்கல் வார்ப்புரு இட்டிருப்பதைப் பார்த்தேன். தல வரலாற்று நூலைச் சான்றாகக் கொடுத்திருக்கிறேன். எது குறை என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்."

அன்றிரவே பதில் வந்தது. சான்று கொடுப்பது வேறு, வாக்கியங்களை எடுத்து வைப்பது வேறு என்று விளக்கினார். விக்கிப்பீடியாவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில்தான் எல்லாமே வெளியாகிறது, அடுத்தவர் புத்தகத்தின் வரிகளை அந்த உரிமத்தில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்றார். தகவலை எடுத்துக்கொண்டு சொந்த நடையில் எழுதச் சொன்னார். தல புராணம் மட்டும் போதாது, அந்தக் கோயிலின் கல்வெட்டு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள் என்றார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடவும் சொன்னார். ஈழத்து விஷயங்களை எழுதும்போது 'நூலகம்' தளத்தை நான் தேட ஆரம்பித்ததும் இந்தப் பழக்கத்தால்தான். ஒரு நீக்கல் வார்ப்புருவுக்கு விளக்கம் கேட்கப் போய், சான்று தேடும் வழி முழுவதும் கிடைத்தது. கட்டுரை பிழைத்தது. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது உண்மைதான், ஆனால் இருந்த ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருந்தது.

அந்த மாதிரிச் செய்தியில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: எந்தக் கட்டுரை, என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்யத் தயார். முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பமிடுங்கள். இப்போது வரும் பதிலளிப்புக் கருவி அதைத் தானாகவே போட்டுவிடும். "என் கட்டுரையை நீக்க நீங்கள் யார்?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரும் மனிதர்தானே, விதியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கட்டுரை ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டாலும் கேட்கலாம். நீக்கிய பக்கத்தை நிர்வாகிகளால் (நீக்கவும் மீட்கவும் அனுமதி பெற்ற தன்னார்வலர்களால்) பார்க்க முடியும். பதிப்புரிமைச் சிக்கல் இல்லையென்றால், திருத்தி எழுதுவதற்காக உங்கள் பயனர்வெளியில், அதாவது உங்கள் பயனர் பெயரின் கீழ் இருக்கும் பக்கமொன்றில், எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டால் பொதுவாகத் தருவார்கள்.

இந்த வழியின் பலவீனம், ஒரே ஆளை நம்பியிருப்பது. அவர் ஊருக்குப் போயிருக்கலாம், விக்கிக்கு வருவதையே நிறுத்தியிருக்கலாம். அவருடைய பங்களிப்புகளின் பட்டியலைத் திறந்து கடைசியாக எப்போது எழுதினார் என்று பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

ஒத்தாசைப் பக்கமும் ஆலமரத்தடியும்

யாரைக் கேட்பது என்றே தெரியாதவர்களுக்காகத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒத்தாசைப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பெயர். எழுதும் முறை, வார்ப்புரு, படம் ஏற்றுவது, தலைப்பை மாற்றுவது என்று எதையும் கேட்கலாம். கேள்வி சிறியது என்று தயங்க வேண்டாம். பலர் கவனிக்கும் பக்கம் என்பதால் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பதில் சொல்வார். புதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு வாசலைக் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆலமரத்தடி வேறு. ஊர்ப் பொதுவில் பேச வேண்டியதைப் பேசும் இடம். ஒரு கொள்கையை மாற்றலாமா, ஒரு போட்டி நடத்தலாமா, ஒரு துறையின் கலைச்சொற்களை எப்படி ஒருமுகப்படுத்துவது என்பதெல்லாம் அங்கே வரும். தன் ஒரு கட்டுரையின் நீக்கலை நேரே ஆலமரத்தடிக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிக்குள் பேசித் தீர்க்க வேண்டிய வரப்புத் தகராறைப் பஞ்சாயத்தில் வைத்தது மாதிரி ஆகிவிடும். பத்துப் பேர் பார்க்கும்போது யாரும் எளிதில் இறங்கி வரமாட்டார்கள். பேச்சுப் பக்கத்தில் பேசியும் தீராமல், அது பல கட்டுரைகளைத் தொடும் பிரச்சினை என்று தெரிந்தால் கண்டிப்பாக அங்கே வாருங்கள். கருத்துச் சொல்ல நாங்களும் வருவோம்.

படங்களுக்கு மட்டும் வேறு வாசல். பெரும்பாலான படங்கள், எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் இருப்பவை. அங்கே உங்கள் படத்தை நீக்கினால் தமிழ் விக்கிப்பீடியா நிர்வாகியால் ஒன்றும் செய்ய முடியாது, பொதுவகத்தில்தான் கேட்க வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் கேட்கலாமா?

ஆங்கில விக்கிப்பீடியாவில் புதியவர்களுக்கென்றே 2012-ல் தொடங்கிய 'டீஹவுஸ்' என்ற பக்கம் இருக்கிறது. ஆள் அதிகம் என்பதால் பதில் சீக்கிரம் வரும், பேச்சும் பரிவாக இருக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். கணக்குத் திறந்து நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் ஆகாதவர்கள் அங்கே புதுக் கட்டுரையை நேரடியாக வெளியிட முடியாது, வரைவாக எழுதிப் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அந்த நடைமுறை முழுவதையும் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

தமிழ்க் கட்டுரைக்காக அங்கே போவதில் பயன் குறைவு. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனிக்குடித்தனம். விதிகள் வேறு, நிர்வாகிகள் வேறு. அங்கே இருப்பவரால் இங்கே நீக்கியதை மீட்க முடியாது. அங்கே ஏற்ற கட்டுரை இங்கேயும், இங்கே ஏற்ற கட்டுரை அங்கேயும் அப்படியே ஏற்கப்படும் என்ற உறுதியும் இல்லை. ஆங்கிலத்திலிருந்து இறக்கிய ஒரு வார்ப்புரு இங்கே ஓடவில்லை என்றால், அதன் உள்வேலையைக் கேட்க மட்டும் அங்கே போவது நியாயம்.

கைப்பேசிக் குழுக்களும் பயிலரங்குகளும்

வாட்சப், டெலிகிராம் குழுக்களில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். படமெடுத்து அனுப்பலாம், குரலில் சொல்லலாம். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தப் பதில் அன்றோடு போய்விடும். அடுத்த வாரம் இன்னொருவர் அதையே கேட்பார், அதே ஆள் அதையே மறுபடி சொல்வார். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குழுவில் நாலு பேர் "சரி, வைத்துக்கொள்ளலாம்" என்று சொன்னது விக்கியில் முடிவாகாது. குழுவில் கூப்பிட்டு ஆதரவு சேர்த்துக்கொண்டு வந்து வாக்கிடச் செய்தால் உங்கள் மேல்தான் நம்பிக்கை போகும். கைவேலையைக் குழுவில் கேளுங்கள், கட்டுரையின் தலைவிதியை விக்கியிலேயே பேசுங்கள்.

பயிலரங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், ஊர் வரலாறு தெரிந்த பெரியவர்கள், கூத்துக் கலையை உள்ளிருந்தே அறிந்தவர்கள் போன்றோர் எழுதினால்தான் கலைக்களஞ்சியம் நிறையும். அவர்களைத் தடுப்பது தட்டச்சுதான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, தமிழ் விசைப்பலகையை நிறுவி, "இங்கே அழுத்துங்க ஐயா" என்று முதல் தொகுப்பைச் சேமிக்க வைப்பதற்கு இணையான உதவி வேறெதுவும் இல்லை. ஒரு பயிலரங்கில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் கிராமத்துக் கட்டுரையில் ஒரு சந்திப் பிழையைத் திருத்திவிட்டு, அது உடனே உலகத்துக்கே தெரியும் என்றதும் இரண்டு முறை புதுப்பித்துப் பார்த்தார். அந்த மதியம் முழுவதும் அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு ஒரு தகவல், இது தெரியாமல் ஒரு கல்லூரியில் நாங்கள் ஒரு மணி நேரத்தை இழந்தோம். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் திறக்க முடியாது. கணினிக்கூடம் முழுவதும் ஒரே இணைப்பில் இருந்தால் ஏழாவது மாணவருக்குக் கதவு மூடிவிடும். முன்கூட்டியே விலக்குக் கேட்கலாம், அல்லது வீட்டிலிருந்தே கணக்குத் திறந்துகொண்டு வரச் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் சுலபம்.

பயிலரங்கின் குறை, அது ஒரு நாளோடு முடிவது. வீட்டுக்குப் போனபின் வரும் சந்தேகத்துக்கு ஆள் இருக்காது. முடியும்போது ஒவ்வொருவரையும் ஒத்தாசைப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்க வைத்து அனுப்பினால் அந்த இழை அறுந்துபோகாது.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால்?

இப்போது பலர் முதலில் போவது இங்கேதான். உடைந்த அட்டவணையின் மூலத்தை ஒட்டி, எங்கே தவறு என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது. பிழைச்செய்தி ஒன்றுக்குப் பொருள் கேட்கவும் உதவும். அதுவரை நானும் பயன்படுத்துகிறேன்.

கட்டுரையையோ சான்றையோ அதனிடம் கேட்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இல்லாத புத்தகத்தை ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்க எண்ணோடு கொடுக்கும். புத்தகத்தின் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன்னில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முன்னால் இருக்கும் பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. இட்டுக்கட்டிய எண் அந்தக் கணக்கில் பெரும்பாலும் தோற்று, மேற்கோள் வார்ப்புரு சிவப்பில் எச்சரிக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் சில கட்டுரைகளில் அத்தனை சான்றும் பொய் என்று கண்டுபிடித்தோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2025 ஆகஸ்டு முதல், இப்படி மேற்பார்வை இல்லாமல் இயந்திரம் எழுதிய பக்கங்களை விவாதமின்றியே நீக்க விதி வந்திருக்கிறது.

நமக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றும் திட்டம் ஒன்றை நடத்தியது. நீளமான கட்டுரைகள் வந்து குவிந்தன. ஆனால் வாக்கியங்கள் தமிழாக ஓடவில்லை, பிழைகள் மலிந்திருந்தன. தமிழ் விக்கியர்கள் அவற்றை ஆராய்ந்து, 2010-ல் போலந்தில் நடந்த, உலக விக்கியர்கள் கூடும் விக்கிமேனியா மாநாட்டிலேயே குறைகளை எடுத்துவைத்தார்கள். எழுதுவதைவிடத் துப்புரவு செய்வதுதான் பெரிய வேலை என்று அப்போதே தெரிந்துபோனது.

காசு கொடுத்து உதவி பெறலாமா?

தங்கள் நிறுவனத்தையோ குடும்பப் பெரியவரையோ பற்றிக் கட்டுரை வேண்டும் என்பவர்கள் இதைக் கேட்கிறார்கள். விதி தெளிவானது. 2014 முதல், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் யார் கொடுத்தார்கள், யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் எழுதலாம், ஆனால் கட்டுரை நிலைக்கும் என்று எவராலும் உறுதி கொடுக்க முடியாது. "எனக்கு நிர்வாகியைத் தெரியும், நீக்கவே மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை ஒரே விசாரணையில் தடைசெய்தார்கள். அந்தக் கும்பலின் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏற்கப்படாமல் திரும்பிய வரைவுகளைத் தேடுவார்கள். எழுதியவரைத் தொடர்புகொண்டு, அனுபவமுள்ள விக்கியர் போலப் பேசி, காசு கொடுத்தால் வெளியிட்டுத் தருகிறோம் என்பார்கள். வெளியானபின், நீக்காமல் காப்பாற்ற மாதாமாதம் பணம் கேட்பார்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை வெளியிடவோ காக்கவோ கட்டணம் என்று ஒன்றே கிடையாது. உங்கள் அப்பாவைப் பற்றி எழுத ஆசையா? நீங்கள் அவர் பிள்ளை என்பதைச் சொல்லி, நாளிதழ்களிலும் நூல்களிலும் அவரைப் பற்றி வந்தவற்றைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ ஒத்தாசைப் பக்கத்திலோ கொடுத்துவிட்டு, யாராவது பார்த்து எழுத முடியுமா என்று கேளுங்கள். சான்றுகள் வலுவாக இருந்தால் செய்வதற்கு ஆள் வருவார். சான்றே இல்லையென்றால், எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தக் கட்டுரை நிற்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

என் வழக்கம் இது. உடைந்ததை முதலில் மீளமைப்பேன், பிறகு மணல்தொட்டியில் வைத்துப் பார்ப்பேன். அரைமணியில் புரியாவிட்டால் ஒத்தாசைப் பக்கம். ஒருவர் செய்த மாற்றம் புரியவில்லையென்றால் அவரையே கேட்பேன். சொல், பெயர், தகவல் பற்றிய கருத்து வேறுபாட்டுக்குக் கட்டுரையின் பேச்சுப் பக்கம். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாமல் அவதூறாக ஏதாவது இருந்தால் மட்டும் யாரையும் கேட்பதில்லை, உடனே எடுத்துவிட்டுப் பிறகு பேச்சுப் பக்கத்தில் எழுதுவேன்.

எந்த வழியானாலும், முடிந்தவரை விக்கிக்குள்ளேயே, எல்லோரும் பார்க்கும்படிக் கேளுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. என் கோயில் கட்டுரையில் நீக்கல் வார்ப்புரு இட்டவர் கொடுத்த பதில் இன்றைக்கும் அவருடைய பேச்சுப் பக்கத்தின் பரணில், அதாவது பழைய பேச்சுகளைச் சேர்த்துவைக்கும் பக்கத்தில், இருக்கிறது. தல வரலாற்றைத் தட்டச்சு செய்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் புதிதாக எழுதுவதில்லை, அந்த இணைப்பைத்தான் கொடுக்கிறேன். தனிச் செய்தியில் பேசியிருந்தால் அது எங்கள் இருவரோடு நின்றிருக்கும்.

பதில் வரவில்லையென்றால் மூன்று நான்கு நாள் பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் ஒத்தாசைப் பக்கத்தில், "இன்ன இடத்தில் இதைக் கேட்டிருந்தேன், யாராவது பார்க்க முடியுமா?" என்று இணைப்போடு ஒரு வரி எழுதுங்கள். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் போடாதீர்கள். நான்கு பேர் தனித்தனியே நேரம் செலவழிப்பார்கள், பதிலும் நான்கு துண்டாகச் சிதறிவிடும். பதில் கிடைத்து வேலை முடிந்தால், அங்கேயே "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டு வாருங்கள். பின்னால் படிக்கிறவருக்கு எந்தப் பதில் பலித்தது என்று அதை வைத்துத்தான் தெரியும்.